மஹ்றூப் அண்ணாவியாரின் கடைசிப் பூட்டு

வவுனியாவிலிருந்து வேப்பமடுவுக்குப் போகும் கிரவல் றோட்டில் றிபாஸ் ஒரு குழியைக்கூட விட்டுவைக்காமல் ஓட்டோவை இறக்கி ஏற்றினான். பின்சீட்டில் இருந்த முத்துலிங்கத்தின் வலது முழங்கால் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுத்தது.

"முனகாதேங்கோ சேர். சமாதானம் வந்து ரெண்டு வருஷமாச்சு. இனி றோட்டும் வரும்."

"றோட்டு வரேக்க முழங்கால் இருக்காது, தம்பி."

முத்துலிங்கம் ஒரு காலத்தில் காப்புறுதிக் கம்பனியில் விசாரணையாளராக இருந்தவர். தன் கடையைத் தானே கொளுத்திவிட்டுக் கண்ணீரோடு வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. யுத்தம் கம்பனியின் கிளையை மூடியது. இப்போது வவுனியாவில் ஒரு ரெலிபோன் கடையின் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பொலிசுக்குப் போகப் பயந்தவர்கள் அவரிடம் வருவார்கள். றிபாஸ் யாரும் நியமிக்காமலே உதவியாளன் ஆனவன். வயது நாற்பது, வாய்க்கு மட்டும் பதினெட்டு.

காலையில் வந்தவள் இலட்சுமி. வேப்பமடுவுக்குப் பக்கத்துக் குடியேற்றக் கொலனியில் வயல் செய்கிறவள். கதிரையில் உட்காராமலே கதையைச் சொன்னாள்.

வேப்பமடுவில் மஹ்றூப் அண்ணாவியார் என்று ஒருவர் சீனடி பழக்குகிறார். கம்பும் கையுமாக முஸ்லிம் ஊர்களில் பரம்பரையாக வரும் அடிமுறை அது. அதைப் பழக்குகிற ஆசானை அண்ணாவியார் என்பார்கள். இலட்சுமியின் மகன் சிவகரனும் அங்கே படிக்கிறான். முந்தநாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகை நேரம், கரண்ட் நின்றிருந்த பொழுதில், அண்ணாவியாரின் மூத்த மாணவரான லொறிக்கார அர்ஷாக்கை ஒழுங்கையில் யாரோ மறித்து ஒரே அடியில் காறை எலும்பை உடைத்துவிட்டான். அந்த அடியின் கதையைக் கேட்ட அண்ணாவியார், "இது என்ர பூட்டு" என்று சொல்லிவிட்டார். அண்ணாவியார் யாருக்கும் இன்னும் படிப்பிக்காத கடைசிப் பாடம் அது. களவாய்ப் பார்த்துப் படித்தவன் சிவகரன்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நேற்றிலிருந்து அவனைப் பள்ளிவாசல் விறாந்தையில் இருத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பொலிசில் ஒப்படைக்கப் போகிறார்கள்.

"அடுத்த மாசம் அவனுக்குக் கலியாணம், ஐயா. ஒருக்காப் பொலிசில பேர் விழுந்தா பிறகு எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டுவான்? சமாதானம் எண்டு சொல்லுகினம். அது எத்தின நாளைக்கோ!"

முத்துலிங்கம் மேசை லாச்சியைப் பூட்டினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழும்பினார். யுத்தத்தில் துரத்தப்பட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் சனமும், குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய தமிழ்ச் சனமும் இப்போதுதான் ஒரே வாய்க்கால் தண்ணீரை அடிபடாமல் பங்கிடப் பழகியிருந்தார்கள். ஒரு எலும்பு முறிவு அதையும் கெடுத்துவிடும் போலிருந்தது.

*

அர்ஷாக் வீட்டு முற்றத்தில் லொறி நின்றது. அவர் விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் கிடந்தார். வலது தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்காகப் பெரிய கட்டு. முறிவெண்ணெய் மணம் வேலிப் படலை வரைக்கும் வந்தது.

"ஆள் ஆரெண்டு கண்டனீங்களோ?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

"முகத்தில சாரத்தைச் சுத்தியிருந்தான். காண என்ன கிடக்கு? முதல் முழங்காலில கம்பால ஒரு தட்டு. நான் கையில கிடந்த என்ர கம்பைக் கீழ இறக்கினன். அதுக்குள்ள மேலால வந்து விழுந்திட்டுது." அர்ஷாக்கின் குரலில் நோவை விட அவமானம்தான் கூட இருந்தது. "பதினொரு வருஷம், ஐயா! புத்தளத்தில முகாமில இருந்த காலத்திலயிருந்து அந்தப் பூட்டைத் தாங்கோ எண்டு கெஞ்சுறன். வாற வெள்ளி தாறன் எண்டவர். நேத்துப் படிக்க வந்தவன் களவெடுத்திட்டான்."

"சிவகரன்தான் எண்டு எப்பிடி?"

"அடி இடக்கையால வந்தது. எங்களுக்குள்ள இடக்கைக்காரன் அவன் ஒருத்தன்தான்."

"எவ்வளவு உயரம் இருக்கும்?"

"பதுங்கி நிண்டவன். இவ்வளவுதான்." அர்ஷாக் நல்ல கையால் தன் நெஞ்சளவைக் காட்டினார்.

"சேர், வாற வழியில அந்தப் பெடியனைப் பள்ளி விறாந்தையில கண்டனான்," என்று றிபாஸ் குறுக்கே வந்தான். "இளநீர் பிடுங்க ஏணி தேவையில்லாத உயரம். அவன் நெஞ்சளவுக்குப் பதுங்குறதெண்டா பாயில படுக்கவேணும்."

"பதுங்கினபடியே மேல இருக்கிற காறை எலும்பை உடைக்கலாமோ?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

அர்ஷாக் கொஞ்சம் யோசித்தார். "சீனடியில எல்லாம் ஏலும்," என்றார். ஆனால் சத்தம் இறங்கிவிட்டது.

அர்ஷாக் ஆறடி மனிதர். ஆறடிக்காரர்கள் தங்களை விழுத்தியவன் குள்ளன் என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது முத்துலிங்கத்துக்குத் தெரியும். அவர்களுக்கு அவன் எப்போதும் பதுங்கினவன்தான்.

*

அண்ணாவியார் வீடு மூன்றாவது ஒழுங்கையில் இருந்தது. மஹ்றூப் மெலிந்த உடம்பு, வெள்ளைத் தாடி. பேச்சில் இன்னும் வீரம் இருந்தது. மூச்சுத்தான் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. ஒரு வசனம் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நின்று நின்று போனார்.

"நான் ஒருத்தருக்கும் படிப்பிக்கேல்ல. அல்லாஹ் மேல ஆணையாச் சொல்லுறன். என்ர மாமா எனக்குத் தந்தவர். நான் ஒருத்தனுக்குத்தான் குடுக்கலாம். அதுதான் எங்கட வழமை."

"எப்பிடிக் குடுப்பீங்கள்?"

"காட்டிக் குடுக்கிறது லேசு. முத்திரைதான் பாரம்." அண்ணாவியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிச்சு முடிச்சவன் அந்த அடியை அண்ணாவியாருக்கே அடிக்க வேணும். நான் தடுக்கக் கூடாது. அவன் கையை அடக்கக் கூடாது. அடி விழுந்தாத்தான் பூட்டு அவனுக்குச் சொந்தம். மாமாவுக்கு நான் அடிச்சனான். மவுத்தாகி மண்ணுக்குப் போகும் வரைக்கும் அவருக்கு இடது தோள் சரிஞ்சுதான் கிடந்தது." அதை அவர் ஒரு பரிசளிப்பைப் போலச் சொன்னார்.

"நல்ல ஊர்," என்று றிபாஸ் முணுமுணுத்தான். "எங்கட பள்ளிக்கூடத்தில வாத்தியார்தான் அடிச்சவர்."

அண்ணாவியாரின் மனைவி லதீபா தேத்தண்ணி கொண்டு வந்தார். முக்காட்டோடு சேர்த்து அளந்தாலும் றிபாசின் தோளுக்கு எட்டாத உருவம். தட்டத்தை வைத்துவிட்டு உடனே போகவில்லை. கணவரின் இருமல் அடங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். யன்னல் கட்டையில் ஆஸ்பத்திரி மருந்துகள் வரிசையாக இருந்தன.

"தண்ணி வாளியே தூக்க வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர்," என்று அவர் தட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "இவர் வாற வெள்ளி தோளைக் குடுக்கப் போறாராம்."

"நீ உள்ள போ," என்றார் அண்ணாவியார்.

லதீபா உள்ளே போனார். ஆனால் காலடிச் சத்தம் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

"சிவகரன் களவாய்ப் பாத்தவன் எண்டுறியள். எங்க நிண்டு பாத்திருப்பான்?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

அண்ணாவியார் அவர்களை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பூட்டைச் செய்து பார்க்கும் இடம் அது. செய்து பார்க்காவிட்டால் அது துருப்பிடித்துவிடுமாம். யன்னல் ஒன்றுதான். அதற்கும் தகரம் அடித்திருந்தது. காகம்கூட எட்டிப் பார்க்க முடியாது. சுவரில் இரண்டு கம்புகள் சாத்தியிருந்தன. பக்கத்து ஆணியில் ஒரு சின்னத் தலையணை தொங்கியது. அதில் நான்கு நாடாக்கள் தைத்திருந்தன.

"உங்கட கம்பு எது, அண்ணாவியார்?"

அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் நுனி அடித்து அடித்துத் தும்பாகியிருந்தது. முத்துலிங்கம் மற்றதை எடுத்தார். அதன் நுனி புதுசு போல இருந்தது. ஆனால் நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரே இடத்தில், குழி விழுந்து நசிந்திருந்தது.

"இது?"

"அது மற்றக் கம்பு."

அந்த மறுமொழியில் பொய் இல்லை. அதுதான் முத்துலிங்கத்தை உறுத்தியது. முப்பது வருஷமாகப் பொய்களைக் கேட்டவருக்கு உண்மையின் சத்தம் விளங்கும். இந்த மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. எதையோ கணக்கில் எடுக்கவில்லை.

"ஒரு சின்ன உதவி. எல்லாருக்கும் முன்னால செய்யிற முதல் வணக்கத்தை ஒருக்காக் காட்டுவியளோ?"

அண்ணாவியாருக்கு முகம் மலர்ந்தது. முற்றத்துக்கு வந்து, எதிரே நின்ற றிபாசைப் பார்த்தபடி, வலது காலை முன்வைத்து, வலது கையால் மண்ணைத் தொட்டு, கம்பை வலப் பக்கத்தால் சுழற்றி நிறுத்தினார். அவ்வளவுக்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்குள்ளிருந்து யாரோ ஒரு கதிரையை வாசலுக்குத் தள்ளிவிட்டார்கள்.

*

படலைக்கு வெளியே வந்ததும் றிபாஸ் வேலியில் கிடந்த ஒரு தடியைப் பிடுங்கினான்.

"சேர், இனி ஓட்டோவுக்கு ஆள் வராட்டிலும் பயமில்லை. நானும் சீனடிக்காரன்." காலை முன்வைத்தான், மண்ணைத் தொட்டான், தடியைச் சுழற்றினான். தடி அவன் காதிலேயே பட்டது.

"நில்லு," என்றார் முத்துலிங்கம். "திருப்பிச் செய்."

"காது ரெண்டுதான் சேர் இருக்கு."

"செய்யடாப்பா."

றிபாஸ் செய்தான். இடது கால் முன்னுக்கு. இடது கை மண்ணுக்கு. தடி இடப் பக்கத்தால் சுழன்றது.

"நீ இடக்கைக்காரனோ?"

"அல்லாவே, இல்லை சேர். அண்ணாவியார் இப்பிடித்தானே காட்டினவர்?"

"அவர் காட்டினது வலக்கையால. நீ அவருக்கு எதிர்ப்பக்கம் நிண்டு பாத்தனி. அவற்ற வலப்பக்கம் உன்ர இடப்பக்கம்."

றிபாஸ் தன் கைகளை மாறி மாறிப் பார்த்தான். "அப்ப அர்ஷாக்குக்கு அடிச்சவன்…"

"பக்கத்தில நிண்டு படிச்சவனில்லை. எதிரில நிண்டு படிச்ச ஆள். தகரம் அடிச்ச அறைக்குள்ள எதிரில நிக்கிறதெண்டா களவாய் நிக்கேலாது." முத்துலிங்கம் வேலிக் கதியாலில் சாய்ந்துகொண்டார். "அடிக்கிற கம்பு நுனியில தேயும். தடுக்கிற கம்பு நடுவில நசியும். அவர் காத்தோட அடிபட்டிருந்தா அங்க ஒரு கம்புதான் இருந்திருக்கும். பிறகு அந்தத் தலகணி. நாடா வைச்ச தலகணியில ஆர் தலை வைச்சுப் படுக்கிறது? அது தோளில கட்டுறது."

றிபாசின் வாய் திறந்தபடி நின்றது. நெஞ்சளவு உயரம் என்றால் அந்த வீட்டில் யார் என்று அவனுக்கும் விளங்கிவிட்டது.

"சேர்… தேத்தண்ணியில சீனி சரியாப் போட்டிருந்தவ."

முத்துலிங்கத்துக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. ஒரு தாயின் பிள்ளையை மீட்க வேண்டுமென்றால் ஒரு நோயாளியின் மனைவியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் யாராவது ஒருவருக்கு நல்லது செய்தால் பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். பேசாமல் ஓட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் போலிருந்தது. அப்போது அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். ஒழுங்கையில் அர்ஷாக்கின் லொறி வந்து நின்றது; கிளீனர் பெடியன் ஓட்டி வந்தான்.

*

அண்ணாவியாரைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போகத்தான் அர்ஷாக் வந்திருந்தார். பொலிசுக்கு முன்னால், "இது என்ர பூட்டுத்தான்" என்று சொல்ல ஆள் வேண்டுமே. அண்ணாவியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். முத்துலிங்கம் வழியில் நின்றார்.

"போக முதல் ஒரே ஒரு கேள்வி, அண்ணாவியார். வெள்ளிக்கிழமையில கதவைச் சாத்திப்போட்டுச் செய்வன் எண்டனீங்கள். காத்துக்கோ அடிக்கிறனீங்கள்?"

"காத்துக்கு அடிச்சா கை பொய் சொல்லும். எதிரில கம்பு வேணும்."

"அந்தக் கம்பைப் பிடிக்கிறது ஆர்?"

"அதுவோ? அது லதீபா."

சொல்லிவிட்டு அவர் செருப்பைத் தேடினார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஒரு செருப்பைப் போட்டபின்தான் அது அவருக்குத் தட்டுப்பட்டது. சுற்றிப் பார்த்தார். "ஏன் பாக்கிறியள்? அவவுக்கு என்ன தெரியும்? அவ சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறவ. அவவுக்கு நான் படிப்பிக்கேல்லையே!"

"எத்தின வருஷமாய்ப் பிடிக்கிறா?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

"முப்பத்தொண்டு," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

லதீபா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் அந்த நசிந்த கம்பு இருந்தது. அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அர்ஷாக் ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"புத்தளத்தில கொட்டிலுக்குள்ள கம்பில்லாம விறகுக் கட்டையாலயும் செய்தவர். நீங்கள் அடிச்ச அடியெல்லாம் ஆர் வாங்கினது? சுவரோ வாங்கினது?" லதீபா கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். "முழங்காலில தட்டு வரும், கம்பைக் கீழ விடாத எண்டு ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு நானே சொல்லுவன். கம்பு கீழதான் போகும். அப்பிடி வாங்கி வாங்கித்தான் தெரியும்."

அண்ணாவியார் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"அர்ஷாக் தம்பிக்கு நான் ஒரு கோவமும் வைக்கேல்ல," என்றார் லதீபா. "வாற வெள்ளி அவர் அடிச்சா இவர் உயிரோட மிஞ்சமாட்டார். சொன்னா ஆர் கேட்டவை? தோள் உடைஞ்சா ஆறு மாசத்துக்குக் கம்பு தூக்கேலாது. அந்த ஆறு மாசம்தான் எனக்கு வேணும். இவற்ற சாரத்தைக் கட்டி, இன்னொண்டை முகத்தில சுத்திக்கொண்டு போனனான். ஆரோ கள்ளன் எண்டு நினைப்பியள் எண்டு பாத்தன். சிவகரனைப் பிடிப்பியள் எண்டு கனவிலயும் நினைக்கேல்ல. அந்தப் பிள்ளை விறாந்தையில இருக்க நான் ரெண்டு நாளாய் வாய் திறக்கேல்ல. அது பாவம்தான். அதுக்கு அவன்ர தாயிட்ட நானே போவன். பொலிசெண்டாலும் வாறன்."

அப்போதும் கம்பைக் கீழே வைக்கவில்லை. அர்ஷாக்கின் முகம் சிவந்து வெளுத்தது. பதினொரு வருஷமாக இந்த வாசலில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர் அவர். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை அவருக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் கத்தப் போகிறார் என்று முத்துலிங்கம் நினைத்தார். ஆனால் அவர் சிரிக்கத் தொடங்கி, தோள் நோவில் பாதியில் நிறுத்தினார்.

"பொலிசில போய் என்னத்தைச் சொல்லுறது? மாமி அடிச்சுப்போட்டா எண்டோ? வவுனியா முழுக்க என்ர லொறியைக் காட்டிச் சிரிக்கும்." றிபாசின் பக்கம் திரும்பினார். "தம்பி, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்ச் சிவகரனைக் கூட்டி வாரும். நான் சொன்னனான் எண்டு சொல்லும். நான் அவனிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்."

"ஆர் அடிச்சது எண்டு கேட்டா?"

"ஆறடிப் பேய் எண்டு சொல்லும்."

றிபாஸ் ஓட்டோவை நோக்கி ஓடினான். முத்துலிங்கமும் போயிருக்கலாம். ஆனால் வலது கை கட்டுக்குள் கிடக்க, அர்ஷாக்கின் இடது கை அசைவது அவர் கண்ணில் பட்டது. அந்தக் கை தன்பாட்டில் காற்றில் ஏதோ கீறியது. கீழே ஒரு தட்டு. ஒரு வளைவு. மேலே ஒரு இறக்கம். மறுபடி கீழே ஒரு தட்டு.

முத்துலிங்கம் அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதிரில் நின்று வாங்கியவருக்குப் பாடம் ஏறும் என்றால், முந்தநாள் ஒழுங்கையில் எதிரில் நின்றது யார்? லதீபா இடமாக அடித்ததை எதிரில் நின்று வாங்கியவருக்கு அது திரும்பவும் வலமாகத்தான் ஏறியிருக்கும். எதைத் தடுக்க அந்த மனிசி அடித்தாரோ அதை அந்த அடியே கொடுத்துவிட்டிருந்தது.

அண்ணாவியாரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வந்திட்டுது," என்றார் மெதுவாக. "அர்ஷாக், உனக்கு வந்திட்டுது. இனி முத்திரை மட்டும்தான். கை சரியானதும் வா. என்ர தோள் இருக்கு."

அர்ஷாக்கின் கண்கள் பளபளத்தன. பதினொரு வருஷத்து ஆசை அந்த முகத்தில் அப்படியே எழும்பி நின்றது. அவர் வாயைத் திறக்க முதல், லதீபா கணவரின் கதிரைக்கு முன்னால் வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கம்பு தரையில் ஊன்றியிருந்தது. இடது கால் முன்னுக்கு இருந்தது.

"ஓம், வரட்டும்," என்றார். "நான் இந்த வாசலில நிப்பன். முதல் என்னைத் தாண்டட்டும்."

அர்ஷாக் தன் நல்ல கையைத் தூக்கி, உடையாத மற்றத் தோளை மெல்லத் தடவிப் பார்த்தார்.